மூட்டைக்கு ஒரு டம்ளர் வெள்ளைத்தூள்

தெருவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். யார் முதலில் வைத்தார்களோ தெரியாது. அவள் காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே, அதற்கு நேரம் எங்கே? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் பிறந்ததிலிருந்தே இருந்தாள். சாப்பிடுவது நின்றுகொண்டு. பேசுவது நடந்துகொண்டு. கணவர் தையல்காரர். காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்காத மனிதர். "எனக்குக் கொடுக்க வேண்டிய காலையும் சேர்த்து இவளுக்கே கொடுத்துட்டான் கடவுள்" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு வேலை விவசாயிகள் சங்கத்தின் விதைக் கிடங்கில். பத்தொன்பது வயதில் கோணி ஊசியோடு சாக்குத் தைக்கப் போனவள். பிறகு கூட்டினாள், எடை போட்டாள், மூட்டைகளை எப்படி அடுக்கினால் சரியாது என்று ஆண்களுக்கு எடுத்துச் சொல்லித் திட்டு வாங்கினாள். கடைசியில் பழைய காப்பாளர் ஓய்வு பெற்றபோது சாவி இவள் கைக்கு வந்தது. நாற்பத்தைந்து வயதில், தகரக்கூரை போட்ட அந்த நீள அறையில் எந்தப் பலகை எங்கே இற்றிருக்கிறது என்று இருட்டிலும் சொல்வாள்.

ஆனால் கடந்த இரண்டு வருடமாக அவளுடைய ஓட்டம் வேறு மாதிரி ஆகியிருந்தது. முன்பெல்லாம் வேலைக்காக ஓடினாள். இப்போது ஓடுவதற்காக வேலை தேடினாள். அதற்குக் காரணம் உண்டு.

அதுவரை கிடங்கில் வண்டு விழுந்தால் விஷவாயு மாத்திரைதான். மூட்டைகளைப் பெரிய தார்ப்பாயால் மூடி, அடியில் மாத்திரைகளை வைத்து, கதவு இடுக்குகளில் எல்லாம் காகிதம் ஒட்டி, ஒரு வாரம் கிடங்குக்குள் யாரும் போகாமல் இருப்பார்கள். மாத்திரை காற்றுப் பட்டு வாயுவாகி, உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லும். கிடங்கை ஒட்டி ஒரு சின்ன அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டியது அவள்தான். மூன்றாம் நாள் மத்தியானம், சங்கத்தின் காவலாளி அந்தச் சின்ன அறையில் சாப்பிட்ட அசதியில் படுத்திருக்கிறான். காவலாளி வேறு யாருமில்லை, அவளுடைய ஒரே தம்பி. மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர், பாறை என்று பெயர் பெற்ற ஒல்லி மனிதர், தண்ணீர் குடிக்கப் போனவர், பூண்டு அழுகின நாற்றம் அடிக்கிறதே என்று எட்டிப் பார்த்ததால் தம்பி பிழைத்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. உயிர் வந்தது, மூச்சு முழுசாக வரவில்லை. நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவான். காவல் வேலையும் போயிற்று.

விசாரித்தவர்கள், நடுக்கதவுக்கு அடியில் ஒட்டியிருந்த காகிதம் பிரிந்திருந்தது என்று எழுதினார்கள். பசை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்றார்கள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாலு பேர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். தினமும் வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போய், அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வீட்டைக் கூட்டினாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். தம்பியின் மனைவிக்கு அது உதவியா உபத்திரவமா என்று புரியவில்லை.

அதற்குப் பிறகு கிடங்கின் இரண்டு பக்கமும் வீடுகள் எழும்பின. குடியிருப்புக்கு நடுவே வாயு கூடவே கூடாது என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு நிம்மதிதான். ஆனால் வண்டுக்கு அந்த உத்தரவைப் படிக்கத் தெரியாதே.

அந்த வருடம் விதைப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது, நானூறு மூட்டை மக்காச்சோள விதை கிடங்கில் இருந்தது. ஒரு காலை மூட்டையில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மெல்லிய நறநறப்பு. கையை நுழைத்தால் மணிகளுக்கு நடுவே சூடு. ஒரு கிலோ எடுத்துச் சலித்தாள். கூன்வண்டு, ஐந்து. மூக்கு நீண்ட, அரிசி அளவுகூட இல்லாத பிராணி. மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து வாயை மூடிவிட்டுப் போகும். வெளியே பார்த்தால் மணி முத்தாக இருக்கும், உள்ளே உளுத்துப் போயிருக்கும்.

சங்கத்தின் செயலாளரிடம் ஓடினாள். அவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் 'பார்க்கலாம்'.

"வண்டு விழுந்துடுச்சுங்க."

"அப்படியா? பார்க்கலாம்மா."

"எப்பங்க பார்க்கலாம்? வண்டு பார்க்கலாம் பார்க்கலாம்னு உட்கார்ந்திருக்கலை, தின்னுக்கிட்டே இருக்கு."

"வாயு கூடாதுன்னுட்டாங்க. வேற என்ன வழி, நீங்களே சொல்லுங்க. சொன்னா பார்க்கலாம்."

வழி கோழிக்கூண்டில் கிடைத்தது. தம்பி வீட்டுப் பக்கத்தில் கோழி வளர்க்கும் அம்மா ஒருத்தி, கூண்டுக்குள் ஒரு தட்டில் வெள்ளைத்தூளைக் கொட்டி வைத்திருந்தாள். கோழிகள் அதில் புரண்டு எழுந்தன.

"என்னம்மா, கோழிக்குப் பவுடர் பூசி விடறீங்களா?"

"பேனுக்கு. மண்ணுதான், விஷம் கிஷம் எதுவும் இல்லை. உடம்புல ஒட்டிச்சுன்னா பேன் காய்ஞ்சு செத்துடும்."

அந்த வார்த்தையை அவள் வீடுவரை சுமந்து வந்தாள். காய்ஞ்சு செத்துடும். தூள் வந்த பையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தொலைபேசி எண் இருந்தது. பூச்சிகளைப் பற்றிப் படித்த ஒரு பெண்மணி பொறுமையாகப் பேசினாள். வற்றிப்போன ஏரிகளின் அடியில் கிடைக்கிற மண் அது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து உண்டானது. பூச்சிக்கு வயிற்றில் போய் வேலை செய்கிற மருந்து இல்லை. பூச்சியின் உடம்பில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். தூள் அந்த மெழுகை உறிஞ்சிக் கீறிவிடும். பிறகு பூச்சி தாகத்தில் சாகும். ஐம்பது கிலோ மூட்டைக்கு ஒரு டீ டம்ளர் போதும்.

"ஆனா நீச்சல் குளத்துத் தண்ணி வடிகட்டறதுக்குன்னு இதே மாதிரி வெள்ளையா ஒண்ணு விப்பாங்க. சுட்டு எடுத்தது. அதை வாங்கிடாதீங்க, நெஞ்சுக்குக் கெடுதல்" என்றாள் அந்தப் பெண்மணி. "நல்ல தூளா இருந்தாலும் மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டுத்தான் கலக்கணும். அப்புறம் ஒண்ணு, இது உடனே கொல்லாது. பொறுத்திருக்கணும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசி வார்த்தையை மட்டும் காது வாங்கிக்கொண்டு மனசு வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் வீட்டில் சோதனை. தையல் மேஜையின் ஓரத்தில் ஆறு கண்ணாடி பாட்டில். ஒவ்வொன்றிலும் இரண்டு கை மக்காச்சோளம், பத்து வண்டு. மூன்றில் தூள், மூன்றில் இல்லை. வாயில் துணி கட்டி நூல் சுற்றினாள். இரண்டாம் நாள் ஒரு நூல் அவிழ்ந்து, யாரோ ஒருவருடைய பள்ளிச் சீருடையின் காலருக்குள் வண்டு ஊர்ந்தது. தையல்காரர் கத்தவில்லை. காலரைப் பிரித்து, வண்டை எடுத்து, எந்த பாட்டிலைச் சேர்ந்தது என்று அவளிடம் விசாரித்து உள்ளே விட்டார். ஆறாம் நாள் தூள் போட்ட மூன்று பாட்டிலிலும் வண்டுகள் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. தூள் போடாததில் பழையபடி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

"கல்யாணம் ஆகி இருபத்து மூணு வருஷத்துல நீ அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது இந்த பாட்டிலைத்தான்" என்றார் அவர்.

பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் செயலாளர் மேஜையில் வரிசையாக வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில், "பார்க்கலாம்" என்றார்.

"அதான் பார்த்துட்டீங்களே!"

தூள் வந்து இறங்கியது. ஒரு எண்ணெய் டிரம்மைக் குறுக்காகக் கம்பியில் கோத்து, கைப்பிடி வைத்து, சுற்றினால் உருளும்படி பாறை செய்து கொடுத்தார். ஒரு மூட்டை விதை, ஒரு டம்ளர் தூள், முப்பது சுற்று. ஐந்து பேர், ஐந்து நாள். முகத்தில் இரட்டைத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. சாயங்காலம் வெளியே வந்தால் ஐந்து பேரும் ஒரே ஆள் மாதிரி இருப்பார்கள், தலை முதல் கால்வரை வெள்ளை.

"என் பொண்டாட்டி அடையாளம் தெரியாம எனக்குப் போட வேண்டிய சோத்தை உங்கள்ல யாருக்காவது போட்டுடப்போறா. யாரும் என் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றார் பாறை.

தம்பி தெருமுனையில் நின்று பார்த்தான். அருகில் வரக் கூடாது என்று அவள் கட்டளை. புண்பட்ட நெஞ்சுக்கு எந்தத் தூளும் ஆகாது.

கடைசி மூட்டை ஏறிய மறுநாள் தூறல் பிடித்துக்கொண்டது. அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் போய்க் கிடங்கைத் திறந்தாள். விளக்கு ஒன்று எரியவில்லை, வெளிச்சத்துக்காக இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தாள். ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துச் சலித்துப் பார்த்தாள். வண்டு உயிரோடு இருந்தது. மத்தியானம் வந்தாள். உயிரோடு இருந்தது. சாயங்காலம் வந்தாள்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தாள். மூட்டைகளின் மேலெல்லாம் வண்டு. சுவரில் வண்டு. கதவுச் சட்டத்தில் வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் நிலைகொள்ளாமல் வெளியே வந்து அலைந்தன. அன்றைக்கென்று விதை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு விவசாயி வந்தார். சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, மருந்து போட்டீங்களா, தீனி போட்டீங்களா?"

அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போயிற்று. தெருவில் இருவர் பேசிச் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"வெளிய வருதுன்னா நல்லதுதாங்க. உடம்பு காயுது, அதான் இருக்க முடியாம ஓடுது. இன்னும் ஒரு வாரம் விடுங்க. கிடங்கு காய்ஞ்சு இருக்கில்ல?"

"காய்ஞ்சுதான் இருக்கு" என்றாள். அப்படித்தான் நம்பினாள். போனை வைத்ததும் மறுபடி கிடங்குக்கு ஓடினாள்.

இப்படியே எட்டு நாள். வீட்டில் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்தது. வெளியூரில் படிக்கிற மகள் போனில் கூப்பிட்டால், "அப்பா கிட்ட பேசு" என்று கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். தூங்கும்போதும் கால் ஆடுகிறது என்று தையல்காரர் சொன்னார்.

எட்டாம் நாள் காலை முறையாக ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்துச் சலித்தாள். உள்பக்கச் சுவரோரம் இருந்த மூட்டைகளில் செத்த வண்டு கைநிறைய வந்தது. சலித்துக்கொண்டே கதவுப் பக்கம் வந்தாள். அங்கே அடுக்கியிருந்த அறுபது மூட்டையில் வண்டுகள் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன. ஜோடி சேர்ந்துகூட இருந்தன.

அதே தூள், அதே டம்ளர், அதே முப்பது சுற்று. ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். காய்ந்த மக்காச்சோளம் 'டக்'கென்று உடைய வேண்டும். இது சத்தமில்லாமல் பல்லுக்கு இடம் கொடுத்தது. உள்ளங்கையில் தூளைத் தேய்த்தாள். மாவாகப் பறக்க வேண்டியது திரிதிரியாக உருண்டது. ஈரம். கூரையை அண்ணாந்து பார்த்தாள், ஒழுகல் இல்லை. சுவரைத் தடவினாள், உலர்ந்திருந்தது. பிறகுதான் கீழே பார்த்தாள்.

தரையெல்லாம் வெள்ளைத்தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது. அதன்மேல் கதவிலிருந்து மூட்டைவரை, மூட்டையிலிருந்து கதவுவரை, சேறு அப்பிய செருப்புத் தடங்கள். பத்து, இருபது, அதற்கும் மேல். எல்லாம் ஒரே அளவு. இடது குதிகால் தேய்ந்த செருப்பு. அவளுடையது.

தினமும் மூன்று வேளை, நாலு வேளை, தூறலில் இரண்டு கதவையும் அகலத் திறந்து ஈரக்காற்றை உள்ளே கூப்பிட்டது யார்? மூட்டை வாயை அவிழ்த்து அந்தக் காற்றை ஊட்டியது யார்? ஈரம் பட்டால் அந்தத் தூளுக்கு உறிஞ்சும் சக்தி போய்விடும். தாகத்தில் சாக வேண்டிய வண்டுக்கு அவளே தண்ணீர் கொடுத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் அதே கிடங்கு, மறுபடியும் அவள் கை. வெள்ளைத் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பாறை, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார்.

மறைக்க நினைத்தால் மறைத்திருக்கலாம். தூள் சரியில்லை என்று சொன்னால் செயலாளர் தலையாட்டியிருப்பார். அன்று மத்தியானம் சங்கக் கூட்டத்தில் ஒன்பது பேர் முன்னால் நின்று சொன்னாள்:

"தூள் மேல தப்பில்லைங்க. கதவைத் திறந்து திறந்து பார்த்து நான்தான் வண்டைக் காப்பாத்திட்டேன். அறுபது மூட்டைக்கு ஈரம் ஏறிப்போச்சு."

தீனி போட்டீர்களா என்று கேட்ட விவசாயி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்க்கலாம் என்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றார் அவர்.

"வெயில் வந்ததும் காய வைக்கணும், சலிக்கணும், திரும்ப தூள் கலக்கணும். உள்பக்கமா அடுக்கி, கதவை மூடி, பத்து நாள் யாரும் திறக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினாள். "சாவி என் கிட்ட இருக்கக் கூடாது."

வெயில் இரண்டு நாளில் வந்தது. மூன்று நாள் காய வைத்தார்கள். கடித்தால் 'டக்'கென்ற பிறகுதான் மூட்டை கட்ட விட்டாள். கதவைச் சாத்தி இடுக்கில் சாக்குத் திணித்தார்கள். சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். கிடங்குக்கு எதிரே எடைமேடையின் நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. தூள் எட்டாத தூரம். பகலெல்லாம் அங்கே இருப்பது அவன் வேலை.

"நான் கேட்டாலும் தராதே. அழுதாலும் தராதே."

"அடிச்சா?"

"அடிச்சா ஓடிடு."

"எங்க அக்கா ஓடறது? நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது."

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் முகம் செத்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

முதல் நாள் ஐந்து முறை வந்தாள். ஒரு முறை செருப்பை மறந்துவிட்டேன் என்றாள், காலில் செருப்பு இருந்தது. இரண்டாம் நாள், எலி சத்தம் கேட்டதா என்று கேட்க வந்தாள். தம்பி சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டான். நான்காம் நாள் டீ கொண்டு வந்தாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தும் அவள் நின்றபடியும் டீ குடித்தார்கள். மூடிய கதவையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பசையை நான் இன்னும் ஒரு நாள் காயவிட்டிருக்கணும்" என்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். "அவசரம். எனக்கு எதுலயும் அவசரம்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, பசை நல்லாத்தான் காய்ஞ்சிருந்துச்சு."

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியும். அந்தக் காகிதத்தைப் பிரிச்சது நான்தான்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு சரியான புழுக்கம். அந்தக் கதவுக்கு அடியில எப்பவும் ஜிலுஜிலுன்னு காத்து வரும். காகிதத்தை ஒட்டி அடைச்சு வச்சிருந்தே. மருந்து அந்தப் பக்கம், தார்ப்பாய் வேற மூடியிருக்கு, இந்தப் பக்கம் என்ன ஆயிடப்போகுதுன்னு கீழே மட்டும் பிரிச்சேன்."

"சிவப்பு எழுத்துல எழுதி ஒட்டியிருந்தேனேடா!"

"படிச்சேன்க்கா."

"ஏன்டா சொல்லலை? ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷம்டா!"

"முதல்ல பயம். நானே பிரிச்சேன்னு தெரிஞ்சா எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு. அப்புறம்..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் நீ தினம் வந்தே. வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. நீ ஒருத்திதான் வந்து போயிட்டு இருந்தே. சொன்னா நின்னுடுவியோன்னு."

அவளுக்கு அழுகை வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வந்தது டீ டம்ளர். அவன் தலைக்கு மேலே போய் எடைமேடையில் மோதி நசுங்கியது. தெருமுனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடுவிடென்று வீட்டுக்கு நடந்தாள்.

தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டார். மிஷினை நிறுத்திவிட்டே கேட்டார்.

"அப்ப உன் மேல தப்பில்லை. மனசு லேசாச்சா?"

"இல்லைங்க. எரியுது. ரெண்டு வருஷமா முதுகுல இருந்த மூட்டையை வெடுக்குன்னு பிடுங்கின மாதிரி இருக்கு. நடக்கவே வரலை."

"மச்சானுக்கும் பாரம் இருந்திருக்குமே."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்."

மூன்று நாள் தம்பியோடு பேசவில்லை. ஆனால் எடைமேடைப் பக்கம் போகாமலும் இருக்க முடியவில்லை. போவாள், கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள், அவன் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவாள். அவனும் வாயைத் திறக்காமல் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவான். பாரம் இறங்கினால் கால் அடங்கும் என்று அவளே நினைத்திருந்தாள். அடங்கவில்லை. நாலாம் நாள் குழாயடியில் தண்ணீர் நிரம்புவதற்காகக் காத்திருந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்து சிரிப்பு வந்தது. மூடிய கதவைப் பார்த்தால் பொறுக்காத குணம் அவனுக்கு மட்டுமா? ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் ஒரே வியாதியோடுதான் வந்திருக்கின்றன. அவனைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் இவளுக்கும் பொருந்தியது. அன்று போய், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "ம்" என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

பத்தாம் நாள் கதவைத் திறந்தார்கள். செயலாளர், பாறை, அந்த விவசாயி எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் சல்லடையைப் பிடித்தாள். முதல் கிலோ: செத்தது நாற்பத்தொன்று, உயிரோடு ஒன்று. அதுவும் நடக்க முடியாமல் தள்ளாடியது. அறுபதில் இருபத்திரண்டு மூட்டை ஏற்கெனவே உளுத்து விதைக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. தப்பித்தது என்று சொல்லிக்கொள்ள அவள் மனசு ஒப்பவில்லை. இருபத்திரண்டு மூட்டை என்றால் எத்தனை பேருடைய நிலம் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பங்களுக்குப் பக்கத்துச் சங்கத்திலிருந்து விதை கேட்டு வாங்க அவளே நாலு நாள் அலைந்தாள். உளுத்தது கோழிக்காரம்மாவிடம் போயிற்று.

மீதி விதையில் நூறு மணி எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்தாள். தொண்ணூற்றொன்று முளைத்தது. விதைப்புக்கு வந்தவர்கள் மூட்டையைப் பிரித்ததும் தும்மினார்கள். கை வெள்ளையாகிறது என்று குறைபட்டார்கள். முகத்தில் துணி கட்டு, கையைக் கழுவு என்று ஒவ்வொருவரிடமும் அவள் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு செயலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அரைப்பதற்காக வைத்திருந்த மக்காச்சோளத்திலும் தூளைக் கலக்கச் சொன்னார். ஒரு வண்டி கலந்து மில்லுக்குப் போனது, மறுநாளே திரும்பி வந்தது. தூள் ஒட்டிய மணி ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இயந்திரத்துக்குள் சரளமாக இறங்கவில்லை, அளந்தால் எடையும் லேசாக இருக்கிறது, இயந்திரம் தேய்ந்துபோகும் என்று மில்காரர் வந்து சத்தம் போட்டார். இந்த முறை அவள்தான் நிறுத்தினாள். விதைக்கு மட்டும் கலப்பது, அரைக்கிற தானியத்துக்கு, மூட்டை ஏறுவதற்கு முன் காலிக் கிடங்கின் சுவரிலும் தரையிலும் இடுக்கிலும் மட்டும் தூவிவிடுவது என்று முடிவாயிற்று. தம்பிக்கு எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. தூள் கலக்கும் வாரத்தில் மட்டும் அவனுக்கு விடுமுறை.

மறு வருடம் மூட்டைகள் ஏறி ஒரு மாதம் ஆகியிருக்கும். மக்காச்சோளத்தில் சலித்துப் பார்த்தால் வண்டு இல்லை. வந்து பார்த்த இரண்டு சங்கத்துக்காரர்கள் அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த வாரம், பயறு மூட்டைகளின் மேல் வரிசையில், தையல் வாயை ஒட்டி, சிலந்தி நூல் மாதிரி ஏதோ பளபளத்தது. விரலால் எடுத்தாள். நூலோடு மணிகள் கோத்துக்கொண்டு வந்தன. அடியில் வெளிறிய புழு ஒன்று நெளிந்தது. அந்து. வண்டு சாகிற மாதிரி அந்துப்புழு இந்தத் தூளுக்குச் சாகாது என்று ஆராய்ச்சி நிலையத்துப் பெண்மணி ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"என்ன செய்யலாம்?" என்று பாறை கேட்டார்.

அவள் புழுவை ஒரு பாட்டிலில் போட்டு, பாட்டிலின் வாயைத் துணியால் கட்டி எடுத்துக்கொண்டு, போன் இருக்கும் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.